சாரணப் பிள்ளைகளும் கடைவீதிப் பேச்சும்

'நன்கொடை கேட்டு வருவோர் சங்க அலுவலகத்தை அணுகவும்' என்ற பலகை தொங்காத மளிகைக் கடை இன்று அரிது. அந்தப் பலகையை நாம் குறை சொல்லப் போவதில்லை. கோயில் கொடை, கட்சி மாநாடு, தலைவர் பிறந்த நாள், கிரிக்கெட் போட்டி, அன்னதானம் என்று மாதம் முழுவதும் ரசீதுப் புத்தகத்தோடு ஆள் வந்துகொண்டே இருந்தால் சில்லரை வியாபாரி என்னதான் செய்வார்? போதாக்குறைக்கு இப்போது ரசீதுப் புத்தகமும் இல்லை. கைப்பேசியில் ஒரு கட்டம் போட்ட படத்தைக் காட்டி, "அண்ணாச்சி, ஸ்கேன் பண்ணுங்க" என்கிறார்கள். பணம் சங்கத்துக்குப் போகிறதா, காட்டுகிற தம்பியின் சொந்தக் கணக்குக்குப் போகிறதா என்று கேட்டால் முகத்தைச் சுளிக்கிறார்கள். பலகை அவசியம்தான்.

இந்த வரிசையில் நவம்பர் மாதத்தில் இன்னொரு கூட்டமும் வரும். கழுத்தில் ஸ்கார்ஃப், தோளில் பட்டை, சட்டைப் பையில் பேட்ஜ். பாரத சாரண சாரணியர் இயக்கம் 1950ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி உருவானதால் அந்த நாளைக் கொடி நாளாகக் கொண்டாடுகிறார்கள். சின்னக் கொடி ஒட்டுவில்லை ஒன்றை நீட்டி, கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டு நிற்கும் பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பெரும்பாலான கடைகளில் அவர்களுக்குக் கிடைப்பது இரண்டில் ஒன்று. பலகையைக் காட்டும் விரல், அல்லது தொல்லை விட்டால் போதும் என்று போடும் பத்து ரூபாய். இரண்டும் அந்தப் பிள்ளைகளுக்கு உகந்ததல்ல என்பது நம் கருத்து. அதைச் சொல்வதற்குத்தான் இந்தப் பக்கம்.

வணிகர்களுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். ஊரில் ஒரு பேச்சு பிறந்தால் அது வளர்கிற இடம் நம் கடை வாசல்தான். டீக்கடை பெஞ்சும் மளிகைக் கடைக் கல்லாவும் இல்லாவிட்டால் எந்த வதந்தியும் இரண்டு தெரு தாண்டாது. "அந்தப் பள்ளிக்கூடத்துல சாரணர்னு சொல்லிப் பிள்ளைகளை வெயில்ல நிக்க வைக்கிறாங்களாம்" என்று ஒரு அம்மா கால் கிலோ துவரம்பருப்பு வாங்கும்போது சொன்னால், நாம் 'உம்' கொட்டியபடியே பொட்டலம் கட்டிக் கொடுக்கிறோம். அந்த 'உம்'மை அவர் ஒப்புதலாக எடுத்துக்கொண்டு போகிறார். அடுத்த வாடிக்கையாளரிடம் 'அண்ணாச்சியே சொன்னார்' என்று ஆகிவிடுகிறது. ஒரு தொண்டர் அமைப்பின் பெயர் கூடுவதும் குறைவதும் இப்படித்தான்.

முதலில், ஊரில் உலவும் குழப்பம் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். சீருடை போட்ட மாணவன் என்றாலே பலருக்கு எல்லாம் ஒன்று. தேசிய மாணவர் படை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருவது. துப்பாக்கிப் பயிற்சி அங்கே உண்டு. நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24இல் தொடங்கியது. கல்லூரி, மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கானது. கிராம முகாம், மரம் நடுதல், இரத்த தானம் என்று போவது. சாரணர் இயக்கம் இந்த இரண்டுக்கும் மூத்தது; உலகம் தழுவியது; துப்பாக்கிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முடிச்சுப் போடுதல், முதலுதவி, கூடாரம் அடித்தல், திறந்த வெளியில் சமைத்தல், வழி கண்டுபிடித்தல் இவைதாம் அங்கே பாடம். சோம்பையும் சீரகத்தையும் ஒரே டப்பாவில் கொட்டி வைக்கும் கடைக்காரர் யாரும் நம்மில் இல்லை. பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் ஏன் அப்படிச் செய்ய வேண்டும்?

'மிலிட்டரிக்கு ஆள் பிடிக்கும் வேலை' என்ற பேச்சுக்கு வேர் இல்லாமல் இல்லை. இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் ஆங்கிலேய இராணுவத் தளபதி. தென்னாப்பிரிக்காவில் மாஃபெகிங் என்ற ஊர் 1899-1900இல் 217 நாட்கள் முற்றுகையில் கிடந்தபோது, சிறுவர்கள் செய்தி கொண்டுபோவது முதலிய வேலைகளைச் செய்ததை அவர் கண்டார். சாரணர் என்ற சொல்லே படைக்கு முன்னே சென்று வேவு பார்ப்பவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு நாம் வைத்த தமிழ்தான். (நம் சிலப்பதிகாரத்தில் வரும் சாரணர் வேறு, அவர்கள் சமண முனிவர்கள்.) ஆனால் 1907 ஆகஸ்டில் பிரவுன்சி தீவில் சுமார் இருபது சிறுவர்களைக் கூட்டி அவர் நடத்திய முதல் முகாம் படைமுகாம் அல்ல. பணக்காரப் பள்ளிப் பிள்ளைகளையும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளையும் ஒரே கூடாரத்தில் படுக்க வைத்தார். அந்தக் கால இங்கிலாந்தில் அது சாதாரணக் காரியமில்லை.

'வெள்ளைக்காரன் விட்டுப்போனது' என்பது இன்னொரு பேச்சு. இதற்குப் பதில் சொல்லச் சாரண ஆசிரியர்களே திணறுவதை நாம் கவனித்திருக்கிறோம். வரலாறு நல்ல பதிலை வைத்திருக்கிறது. ஆங்கிலேயர் இங்கே சாரணப் படை தொடங்கியபோது இந்தியப் பிள்ளைகளுக்கு அதில் இடம் தரவில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென்றே தனிச் சாரணர் சங்கம் அமைத்தார். வடக்கே அலகாபாத்தில் மதன் மோகன் மாளவியாவும் ஹிருதயநாத் குன்சுருவும் ஸ்ரீராம் பாஜ்பாயும் சேவா சமிதி சாரணரைக் கட்டினார்கள். 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தார். பெசன்ட் அம்மையாரின் சங்கம் அவருடைய அமைப்போடு இணைந்தது. மாளவியாவின் அமைப்பு இணையவில்லை. விடுதலைக்குப் பிறகு பல துண்டுகளாகக் கிடந்தவை 1950இல் ஒன்றாயின. மறுஆண்டு ஆகஸ்ட் 15இல் சாரணியரும் சேர்ந்துகொண்டார்கள். இந்த வரலாற்றில் பெரும் பகுதி, 'எங்கள் பிள்ளைகளுக்கு ஏன் இடமில்லை?' என்று கேட்டுப் பெற்றதுதான். இதை ஓர் ஆண்டு விழாவில் ஐந்து நிமிடம் சொன்னால் போதும்.

மதம் பற்றியும் ஒரு சந்தேகம் உண்டு. உறுதிமொழியில் கடவுளுக்கும் நாட்டுக்கும் என் கடமையைச் செய்வேன் என்று வருகிறது. எந்தக் கடவுள் என்று அதில் இல்லை. கடவுள் என்று சொல்ல விரும்பாதவர் தர்மம் என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று இயக்கத்தின் விதியே இடம் தருகிறது. சாரணர் சட்டம் ஒன்பது. அதில் ஒன்று சிக்கனமாக இருக்க வேண்டும் என்பது. இன்னொன்று பொதுச் சொத்தைப் பாதுகாக்க உதவ வேண்டும் என்பது. நம் கடைப் பையன்களுக்கும் இந்த இரண்டைச் சொல்லி வைத்தால் நல்லது என்று ஒரு நண்பர் வேடிக்கையாகச் சொன்னார்.

சின்ன விஷயம் ஒன்று. பெரிய மனக்கசப்பை உண்டாக்குவது. சாரணர்கள் ஒருவருக்கொருவர் இடது கையால் கை குலுக்குவார்கள். இடது கை இதயத்துக்குப் பக்கத்தில் இருப்பது என்றும், கேடயம் பிடிக்கும் கையை நீட்டுவது 'உன்னிடம் எனக்குப் பயமில்லை' என்பதற்கு அடையாளம் என்றும் விளக்கம் சொல்கிறார்கள். நல்ல விளக்கம்தான். ஆனால் நம் ஊரில் இடது கையால் சில்லரை கொடுத்தாலே சண்டைக்கு வரும் பெரியவர்கள் உண்டு. முதல் போணி நேரத்தில் இடது கையை நீட்டினால் கேட்கவே வேண்டாம். பையன் மரியாதையாக நீட்டியிருப்பான். கடைக்காரர் அவமரியாதையாக எடுத்துக்கொள்வார். தப்பு யாருடையது? சொல்லிக் கொடுக்காதவருடையது. அந்தக் கை குலுக்கல் சாரணருக்குள் மட்டும், வெளியாரிடம் வலது கையைக் கூப்பியோ நீட்டியோ வணங்கு என்று ஆசிரியர் ஒரு முறை சொல்லியிருந்தால் தீர்ந்தது. தவறான எண்ணங்களில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான். யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் விளக்கமும் சொல்லவில்லை.

இனிப் பெற்றோர் பேச்சு. 'படிப்பு கெட்டுப்போகும்' என்பது பத்தாம் வகுப்புப் பிள்ளை வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் கேட்பது. இதைச் சமாளிக்கப் பல பள்ளிகள் எடுக்கும் வழி நமக்கு உடன்பாடில்லை. 'இதில் சேர்ந்தால் ரயில்வேயில் வேலை' என்கிறார்கள். இரயில்வேயில் சாரணர்களுக்கென்று தனி ஒதுக்கீடு இருப்பது உண்மை. ஆனால் அது குடியரசுத் தலைவர் விருது போன்ற உயர்ந்த தகுதி பெற்றவர்களுக்கு. அந்த இடங்களோ மிகச் சில. இருபது பிள்ளைகளைச் சேர்க்க அந்த ஒரு வாசலைக் காட்டுவது, லாட்டரிச் சீட்டு விற்ற காலத்து விளம்பரம் மாதிரி. வேலை கிடைக்காத பத்தொன்பது பேரின் பெற்றோர் ஊர் முழுக்க என்ன சொல்வார்கள்? பரிசுக் கூப்பன் காட்டிச் சரக்கு விற்றால் கூப்பன் தீர்ந்த மறுநாள் வாடிக்கையாளர் வர மாட்டார். சரக்கின் தரத்தைச் சொல்லி விற்பதுதான் நிற்கும். திருவிழாக் கூட்டத்தில் அழுதுகொண்டிருந்த குழந்தையைத் தாயிடம் சேர்த்த பையன், தெருவில் மயங்கி விழுந்தவரைப் பக்கவாட்டில் புரட்டிப் படுக்க வைக்கத் தெரிந்த பெண், இவர்களைக் காட்டி ஆள் சேர்க்கட்டும். நாமும் அதைத்தான் நம்புவோம்.

மக்கள் தொடர்பு என்றால் ஃபிளெக்ஸ் பேனர் என்று நினைக்கும் வழக்கமும் இருக்கிறது. சிறப்பு விருந்தினர் படம் பெரிதாக, தலைமையாசிரியர் படம் நடுத்தரமாக, கீழே எறும்பு மாதிரி பிள்ளைகள். பத்திரிகைக்கு அனுப்பும் படத்திலும் அப்படியே. பார்ப்பவர்கள் என்ன முடிவுக்கு வருவார்கள்? 'பெரிய மனுஷன் வந்தா நிக்க வைக்கறதுக்குப் பிள்ளைங்க' என்றுதான். 2017 செப்டம்பரில் மாநில அமைப்பின் தலைவர் பதவிக்கு நடந்த தேர்தல் நாளிதழ்களில் அரசியல் போட்டியாகவே வந்தது. அதுவரை சாரணர் பெயரையே கேள்விப்படாத பலர் முதன்முதலில் கேள்விப்பட்டது அந்தச் செய்தியில்தான். அதே சமயம் 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறை சிப்காட் வளாகத்தில் இயக்கத்தின் வைரவிழாப் பெருந்திரளணி நடந்தது. நாட்டின் பல மாநிலங்களிலிருந்து சுமார் 20,000 பிள்ளைகள் வந்து கூடாரம் அடித்துத் தங்கினார்கள். அத்தனை பேருக்கு அரிசி, பருப்பு, காய்கறி என்றால் எத்தனை மூட்டை என்று நம்மவர்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. இவ்வளவு பெரிய காரியத்தைப் பற்றிப் பக்கத்து மாவட்டத்துக் கடைவீதியில் விசாரித்தால் 'அப்படியா?' என்கிறார்கள். தலைவர் தேர்தல் தெரிந்த அளவுக்கு முகாம் தெரியவில்லை. இது யாரோ எதிரி செய்த வேலையல்ல.

இதுவரை சொன்னது தவறான எண்ணங்கள் பற்றி. கசப்பான இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை கலப்படமாகிவிடும். எல்லாப் புகாரும் தவறான எண்ணம் அல்ல.

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தனியார் பள்ளி ஒன்றில் தேசிய மாணவர் படை முகாம் என்ற பெயரில் ஒரு முகாம் நடந்தது. அதில் மாணவிகள் பாலியல் கொடுமைக்கு ஆளான செய்தி தமிழ்நாட்டையே உலுக்கியது. அந்த முகாமுக்கும் தங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று தேசிய மாணவர் படை அறிவித்தது. முகாமே போலி. பெயரும் சீருடையும் மட்டும் இருந்தால் போதும், யாரும் எதையும் கேட்க மாட்டார்கள் என்று ஒருவன் நம்பியிருக்கிறான். அவன் நம்பியபடியே யாரும் கேட்கவும் இல்லை. அமெரிக்காவில் நடந்தது போலி அல்ல. அசல் அமைப்பிலேயே நடந்தது. அங்குள்ள சிறுவர் சாரணர் அமைப்பு, பிள்ளைகளிடம் தவறாக நடந்த தொண்டர்களைப் பற்றிய கோப்புகளைப் பல்லாண்டுக் காலம் பூட்டியே வைத்திருந்தது. நீதிமன்ற உத்தரவால் 2012இல் அவற்றில் பல வெளியே வந்தன. 2020 பிப்ரவரியில் அந்த அமைப்பு திவால் மனு கொடுத்தது. 82,000 பேருக்கு மேல் தாங்கள் பாதிக்கப்பட்டோம் என்று கோரிக்கை வைத்தார்கள். இழப்பீட்டுக்கு ஒதுக்கப்பட்ட தொகை 240 கோடி டாலருக்கும் மேல். பெயரைக் காப்பாற்றுவதற்காக மறைத்தார்கள். கடைசியில் பெயரையே மாற்றிக்கொள்ளும்படி ஆயிற்று. 2025 பிப்ரவரியிலிருந்து அந்த அமைப்பு வேறு பெயரில் இயங்குகிறது. பெயர் மாற்றத்துக்கு அவர்கள் சொன்ன காரணம் வேறு. பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டதால் என்றார்கள். நம்புவது அவரவர் விருப்பம்.

ஆகவே ஒரு தாய் "முகாமுக்கு அனுப்பப் பயமா இருக்கு" என்று சொன்னால், அதைத் தவறான எண்ணம் என்று ஒதுக்கிப் பிரச்சாரம் செய்யக் கூடாது. அந்தப் பயம் நியாயமானது. அதற்குப் பதில் சொல்வதுதான் மக்கள் தொடர்பு. முகாமில் எத்தனை பெண் ஆசிரியர்கள் இருப்பார்கள், இரவு எங்கே படுப்பார்கள், பெற்றோர் எந்த நேரமும் வந்து பார்க்கலாமா, யாருடைய கைப்பேசி எண்ணுக்குக் கூப்பிடுவது, இவற்றை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். ஏதாவது தவறு நடந்தால் 'பள்ளி மானம் போய்விடும்' என்று அமுக்கக் கூடாது. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தெரிந்தும் தகவல் சொல்லாமல் இருப்பதே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098. இந்த எண்ணைச் சாரண ஆசிரியரே பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்திருந்தால், அந்தப் படையை நாம் நம்பலாம்.

நம்மைச் சந்தேகப்படும் வாடிக்கையாளரிடம் நாம் என்ன செய்கிறோம்? 'நான் முப்பது வருஷமா கடை வெச்சிருக்கேன்' என்று நெஞ்சில் தட்டிக்கொள்ளும் கடைக்காரரிடம் கூட்டம் நிற்பதில்லை. தராசை அவர் பக்கம் திருப்பி வைக்கிறோம். முத்திரை குத்திய படிக்கல்லைக் காட்டுகிறோம். பில் போட்டுக் கொடுக்கிறோம். உணவுப் பாதுகாப்பு உரிமத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வைத்திருக்கிறோம். வண்டு விழுந்த உளுந்தைத் திருப்பிக் கொண்டுவந்தால் முணுமுணுக்காமல் மாற்றிக் கொடுக்கிறோம். (முணுமுணுப்பவர்களும் உண்டு, அவர்களைப் பற்றி இன்னொரு இதழில்.) சாரணப் படைக்கும் இதே வழிதான். ஒவ்வொரு படைக்கும் பதிவு உண்டு. அதை நடத்தும் ஆசிரியருக்குப் பயிற்சிச் சான்றும் நியமன ஆணையும் உண்டு. அவற்றைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். கொடி நாளில் வந்த பணம் எவ்வளவு, மேலே அனுப்பியது எவ்வளவு, கயிறும் முதலுதவிப் பெட்டியும் வாங்கியது எவ்வளவு என்று ஒரு பக்கக் கணக்கை டிசம்பர் மாதமே நம் கடைகளுக்குக் கொண்டுவந்து கொடுக்கட்டும். பணம் கொடுத்தவனுக்கு அடுத்த மாதமே கணக்கு வருகிறது என்றால் அந்தச் சங்கத்துக்கு மறுஆண்டு நாமே கூப்பிட்டுக் கொடுப்போம். கோயில் கமிட்டிகளில் கணக்கு ஒழுங்காகக் கொடுக்கும் கமிட்டிக்கும் கொடுக்காத கமிட்டிக்கும் நாம் காட்டும் வித்தியாசம் நமக்கே தெரியும்.

இனிப் பணத்துக்கு வருவோம். உண்மையில் சாரணர் இயக்கம் நன்கொடையை விட உழைப்பையே உயர்வாக வைத்திருக்கிறது. 'காரி கமாய்' என்று இந்தியில் சொல்வார்கள். உண்மையாக உழைத்து ஈட்டிய வருவாய் என்று பொருள். சும்மா கேட்டு வாங்காதே, ஏதாவது ஒரு வேலை செய்து அதற்குக் கூலி வாங்கிப் படையின் பொதுப்பணத்தில் சேர் என்பது அதன் கருத்து. இங்கிலாந்தில் 1949இல் இதே போல் ஒரு வாரம் தொடங்கினார்கள். வீடு வீடாகப் போய்ச் செருப்புக்கு மெருகு போடுவது, தோட்டம் கூட்டுவது, கார் கழுவுவது, கூலி ஒரு ஷில்லிங். ஊர் முழுக்கப் பிள்ளைகளை அறிந்துகொண்டது அந்த ஒரு ஷில்லிங்கில்தான். 1990களில் அந்த வழக்கம் நின்றது. தெரியாத வீட்டுக்குள் பிள்ளைகளை அனுப்புவது பாதுகாப்பா என்ற அச்சம் வந்துவிட்டது. 2012இல் மீண்டும் தொடங்கியபோது தனித்தனி வீடாக இல்லாமல் ஊர்ப்பொது வேலையாக மாற்றிக்கொண்டார்கள்.

நம் நிலையிலும் ஒரு சிக்கல் உண்டு. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நம் கடைகளில் 'இங்கு குழந்தைத் தொழிலாளர்கள் பணிபுரியவில்லை' என்ற அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. 2016இல் திருத்தப்பட்ட சட்டப்படி 14 வயது நிறையாத பிள்ளையை எந்தத் தொழிலிலும் வைக்கக் கூடாது. பள்ளி நேரம் போகத் தன் குடும்பத்துக்கு உதவுவது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. மீறினால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, இருபதாயிரம் முதல் ஐம்பதாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். எனவே 'வேலை கொடுங்கள்' என்று வரும் ஏழாம் வகுப்புப் பையனைக் கடைக்குள் விட்டு மிளகாய் மூட்டையைப் பிரிக்கச் சொல்வது அன்பாக இருந்தாலும் செய்யத் தகாதது. ஆய்வாளர் வந்து கேட்டால் 'சாரணர் சார்' என்று சொல்லித் தப்ப முடியாது. தப்பவும் கூடாது.

அதற்காகப் பலகையைக் காட்டி அனுப்ப வேண்டியதில்லை. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. மஞ்சப்பை பற்றி அரசு 2021 டிசம்பர் முதல் சொல்லிக்கொண்டு வருகிறது. அப்படியும் கை வீசிக்கொண்டு கடைக்கு வருபவர் எண்ணிக்கை குறையவில்லை. 'கவர் இல்லையா?' என்று அவர்கள் சண்டை போடுவது நம்மிடம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆசிரியர்கள் உடனிருக்க, பிள்ளைகள் கடைவீதி முனையில் மேசை போட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய துணியில் தாங்களே தைத்த பைகளை விற்கட்டும். விலையை அவர்களே வைக்கட்டும். நாம் மேசையும் நிழலும் குடிக்கத் தண்ணீரும் கொடுப்போம். ஆளுக்கு ஐந்து பை வாங்குவோம். சட்டச் சிக்கல் இல்லை. பிள்ளைகள் நம் வேலைக்காரர்கள் ஆவதில்லை. தாங்கள் செய்ததைத் தாங்களே விற்கிறார்கள். பேரம் பேசும் மனிதரை எப்படிச் சமாளிப்பது என்று அன்று காலைக்குள் கற்றுக்கொள்வார்கள். அதை எந்த முகாமிலும் சொல்லித் தருவதில்லை. ஊராருக்கும் பிள்ளைகள் யார், அந்த ஸ்கார்ஃப் என்ன, ஏன் இடது கை நீட்டுகிறார்கள் என்று நேரில் கேட்க ஒரு வாய்ப்பு. ஃபிளெக்ஸ் பேனருக்குச் செலவு செய்யும் பணம் மிச்சம்.

சங்கத்தின் செயற்குழு முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். நன்கொடைப் பலகை அப்படியே இருக்கட்டும். ஆனால் பள்ளித் தலைமையாசிரியரின் கடிதம், படையின் பதிவு எண், முந்தைய ஆண்டுக் கணக்கு ஆகிய மூன்றையும் சங்க அலுவலகத்தில் கொடுக்கும் சாரணப் படைக்கும், அதே போல் ஜூனியர் ரெட் கிராஸ், நாட்டு நலப்பணித் திட்ட அணிகளுக்கும், சங்கத்தின் முத்திரையிட்ட அனுமதிச் சீட்டு வழங்க வேண்டும். சீட்டு இல்லாமல் யார் சீருடையில் வந்தாலும் ஒரு பைசா கொடுக்கக் கூடாது. பெயர், பள்ளி, உடன் வந்த ஆசிரியர் யார் என்று கேட்டுச் சந்தேகமிருந்தால் அந்தப் பள்ளிக்கே தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். ஆசிரியர் துணையின்றித் தனியாக வரும் பிள்ளையிடமும் அப்படியே. கடிந்து பேச வேண்டாம். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துக் கூப்பிடலாம்.

இதற்குச் சில உறுப்பினர்கள், "அனுமதிச் சீட்டு என்று ஆரம்பித்தால் எல்லோரும் கேட்பார்கள், கட்சிக்காரர் கேட்டால் என்ன செய்வது?" என்று ஆட்சேபம் சொல்லியிருக்கிறார்கள். ஆட்சேபம் நியாயமானதே. மேலே சொன்ன மூன்று தாள்களில் கடைசித் தாள் முந்தைய ஆண்டுக் கணக்கு. அதைக் கொண்டுவரக் கூடியவர் எத்தனை பேர் என்று பார்த்துக்கொள்ளலாம்.

கொடி நாள் நவம்பர் 7. அதற்கு முந்தைய மாதச் செயற்குழுவிலேயே இதை எடுத்துக்கொண்டால்தான் சீட்டு அச்சடிக்க நேரம் இருக்கும். உறுப்பினர்கள் தங்கள் கருத்தை எழுத்து மூலம் சங்க அலுவலகத்தில் சேர்ப்பிக்க வேண்டுகிறோம்.